மணலில் எழுதிய பிள்ளைகள்: யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளி நாட்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

வடக்கு கிழக்கில் படிப்பிக்கும் எல்லோருக்கும் சில சுருக்கங்கள் பழக்கம். அ.மி.த.க., மெ.மி.த.க., றோ.க.த.க. என்று இடமாற்றப் பட்டியலில் வரும். அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன், மெதடிஸ்த மிஷன் தமிழ்க் கலவன், றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் என்பவைதான் அவை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்துவிட்டன. பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

கலாசாலையில் கல்வி வரலாறு படித்தபோது யார் எந்த ஆண்டில் எதைத் தொடங்கினார் என்று பாடமாக்கினோம். அந்தப் பள்ளிக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் நாள் எப்படிப் போனது என்ற கேள்வி வினாத்தாளில் வரவில்லை. இன்று அதைப் பார்ப்போம். எமது சமூகத்தின் கதையும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

முதலில் பின்னணி. வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கி, ஓராண்டு நிறைய முன்பே 1815இல் இறந்தும் போனார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அதுதான். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் காலத்துப் பழைய தேவாலயக் கட்டடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பரவினார்கள். ஊர் ஊராகச் சம்பளமில்லாத தமிழ்ப் பள்ளிகளைத் திறந்தார்கள்.

அந்த ஊர்ப் பள்ளியைக் கற்பனை செய்யுங்கள். ஓலைக் கொட்டில், சாணம் மெழுகிய தரை. வாங்கு மேசை கிடையாது. சின்னப் பிள்ளைகள் நிலத்தில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதி, உரக்கச் சொல்லி, அழித்து, மறுபடி எழுதுவார்கள். கை பழகிய பிறகு பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய அதன் மேல் கரி பூசித் துடைப்பார்கள். வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

இதில் மிஷனரிமார் கண்டுபிடித்தது எதுவுமில்லை. எங்கள் திண்ணைப் பள்ளி முறைதான் இது. இன்னும் சொன்னால் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 1790களில் சென்னையில் அநாதைப் பள்ளி ஒன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையும், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் முறையையும் தன் பள்ளியில் புகுத்தி, 1797இல் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்து முழுக்க அது "மதராஸ் முறை" என்ற பெயரில் பரவியது.

புதிதாக வந்தவை வேறு. மணி அடித்துத் தொடங்கும் நேரம். பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் இடாப்பு. வகுப்பாகப் பிரித்தல். பூமிசாஸ்திரம். பிறகு அச்சுப் புத்தகம். அமெரிக்க மிஷனுக்கு 1820இலேயே அச்சு இயந்திரம் வந்தும், அதை இயக்க வந்தவரை அன்றைய ஆளுநர் பார்ன்ஸ் நாட்டில் தங்க விடவில்லை. மானிப்பாயில் அவர்களது அச்சகம் 1834இல்தான் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ஓலைக்குப் பக்கத்தில் கடதாசியும் வந்து உட்கார்ந்தது.

பாடம் ஜெபத்தோடு தொடங்கும். பத்துக் கட்டளைகள், கர்த்தரின் ஜெபம், வேதாகமக் கேள்வி பதில் எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டி வருவதும் ஆசிரியரின் வேலை. வேடிக்கை என்னவென்றால் ஆரம்பத்தில் அந்த ஆசிரியரில் பெரும்பாலானோர் சைவர்கள். கிறிஸ்தவம் படித்த உள்ளூர் ஆசிரியர் அப்போது போதிய அளவில் இல்லை. எத்தனை பிள்ளை வருகிறது, எவ்வளவு படித்திருக்கிறது என்பதைப் பார்த்தே அவருக்குச் சம்பளம். நெற்றியில் நீறு பூசிய ஆசிரியர் பிள்ளைகளுக்கு யேசுவின் கதையைச் சொல்லிக்கொடுத்து வீட்டு அரிசிக்கு வழி பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடுதிப் பள்ளி இன்னொரு உலகம். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் வைக்கப்படும். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெயர்களோடு நெவின்ஸ் போன்ற பெயர்கள் வந்து ஒட்டியது இப்படித்தான். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற தமிழறிஞரின் பெயரைக் கவனியுங்கள். ஒரே பெயரில் இரண்டு உலகம்.

பெரிய சிக்கல் சோற்றில் வந்தது. மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தின்றால் சாதி போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அதனால் தொடக்கத்தில் சமையல் மிஷன் நிலத்துக்கு வெளியே, சைவச் சமையற்காரரின் கையால் நடந்தது. மிஷனரிமார் மதத்தை மாற்ற வந்தவர்கள். ஆனாலும் பிள்ளை வர வேண்டுமென்றால் அந்தக் குசினி வேலிக்கு வெளியே இருக்கத்தான் வேண்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். சாதி விடயத்தில் எங்கள் ஊர்களும் இலகுவில் இறங்கி வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது. பள்ளிகள் எரிக்கப்பட்டன.

பெண் பிள்ளைகள்? வாசிப்பும் எழுத்தும் குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்ற காலம். ஹரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். தையலும் வாசிப்பும் சேர்ந்து நடந்தன. படித்து முடித்த பிள்ளையின் கலியாணத்துக்கு மிஷன் சிறு சீதனமும் கொடுத்தது. சீதனம் இல்லாவிட்டால் எந்த வீட்டாரும் மகளை அனுப்ப மாட்டார்கள் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. 1840இல் வந்த எலைசா அக்னியூ ஏறக்குறைய நாற்பது வருடங்கள் அங்கே படிப்பித்தார். ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. தான் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும், பேரப் பிள்ளைகளுக்கும் படிப்பித்து 1883இல் மானிப்பாயில் கண் மூடினார்.

இனி எங்கள் பக்கம். இந்தப் பள்ளிகளின் முன்னால் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரே கேள்விதான். எழுத்து வேண்டும். ஆனால் எழுத்தோடு இன்னொரு மார்க்கமும் வருகிறது. என்ன செய்வது?

சிலர் உள்ளே போனார்கள். சிலர் மதம் மாறினார்கள், சிலர் படிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பு முறை, அச்சிட்ட பாலபாடம், கேள்வி பதில் நடை என்று மிஷனிடமிருந்து கற்ற கருவிகளையே தன் சமயத்துக்குப் பயன்படுத்தினார்.

எமது முன்னோர் பெரும்பாலும் மூன்றாவது வழியில் நின்றார்கள். விலகி இருந்தார்கள். அவர்களை "படிப்பறிவில்லாதவர்கள்" என்று எழுதுவது சரியில்லை. குர்ஆன் பள்ளியில் பிள்ளைகள் ஓதினார்கள். அறபுத் தமிழில் வாசிக்கத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அரசாங்கக் கணக்கு அந்த எழுத்தை எழுத்தாக எண்ணவில்லை. ஈமானைக் காக்க வேண்டும் என்ற அவர்களது பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் வைத்தியத்திலும் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைந்து போனார்கள்.

அந்த விலையைக் கண்டு பதறியவர் கண்டி வழக்கறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி வாராவாரம் கல்வியைப் பற்றி எழுதினார். 1884இல் கொழும்பில் ஒரு மத்ரஸா பாடசாலையைத் திறந்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் முயற்சி நிற்கவில்லை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த ஒறாபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் துணை நிற்க, 1892இல் மருதானையில் ஸாஹிரா பிறந்தது. மார்க்கமும் இருக்கும், ஆங்கிலமும் கணிதமும் இருக்கும். நாவலர் கண்ட அதே விடைதான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? பிள்ளையின் தட்டில் என்ன இருக்கலாம், தலையில் என்ன இருக்கலாம், காலை ஆராதனையில் எங்கே நிற்கலாம் என்ற கேள்விகள் இன்றும் பாடசாலை வாசலில் வந்து நிற்கின்றன. எங்கள் பிள்ளை வேறு சமூகத்துப் பாடசாலையில் நிற்கும்போது நாங்கள் எதிர்பார்க்கும் கண்ணியத்தை, எங்கள் பாடசாலையில் படிக்கும் மற்றச் சமூகத்துப் பிள்ளைக்கும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இருநூறு வருடங்களுக்கு முன் மதம் மாற்ற வந்தவர்களே குசினியை வேலிக்கு வெளியே வைக்கச் சம்மதித்தார்கள். ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கும் அரச ஆசிரியர்கள் எங்களால் அதைவிடக் கூடுதலாகச் செய்ய முடியாதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மிஷன் பாடசாலைகளில் இன்னும் சில இடங்களில் பழைய சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் அலுமாரியின் அடியில் கிடக்கின்றன. யுத்தமும் சுனாமியும் கறையானும் தின்றது போக மிஞ்சியவை. அங்கே கடமையாற்றும் ஆசிரியர்கள், பொருட்கணக்கெடுப்பில் அவற்றைக் கழிவாகப் போட முன், தயவுசெய்து ஒரு தடவை விரித்துப் பாருங்கள். அதிபரின் அனுமதியோடு போனிலாவது படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று முதன்முதலில் எந்த நாளில் எழுத்துப் படிக்க வந்தது என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.