யாரிடம் போய்க் கேட்பது? தோட்டத்து வாழ்வைத் தாங்கும் உறவுகளும் அவற்றின் எல்லைகளும்

நுவரெலியா மாவட்டத்தின் ஏதோவொரு தோட்டத்தில், மேற்பிரிவு லயத்தில், இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறார். தோட்டத்து லொறிக்கு யாராவது சொல்ல வேண்டும். லொறி வராவிட்டால் ஆட்டோ வைத்திருக்கும் பையனை எழுப்ப வேண்டும். ஆட்டோவுக்குக் காசு புரட்ட வேண்டும். மூத்த பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். துணைக்கு ஒரு பெண் போக வேண்டும். வைத்தியசாலையில் கேட்கிற கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்த ஆறு வேலைக்கும் ஆறு பேர் தேவை. முதல் ஐந்து பேர் லயத்திலேயே கிடைத்துவிடுவார்கள். ஆறாவது ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்கான காரணம் மலையகத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

நான் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் வளர்ந்தவள். ஊடகக் கற்கை படித்த பிறகு செய்திக்காக வன்னிக்கும் மலையகத்துக்கும் மாறி மாறிப் போய் வருகிறேன். இரண்டு இடத்திலும் வறுமையைப் பற்றிக் கேட்கும்போது வருமானம், காணி, வீடு என்று கேட்கிறோம். “கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள்?” என்று கேட்பது குறைவு. அந்தக் கேள்வியைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

உதவி என்பது நான்கு வகை

சமூக ஆதரவு என்பதை ஆய்வாளர்கள் பல விதமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் செய்த பிரிப்பு நமக்கு எளிதில் பொருந்தும். அவர் நான்கு வகை சொன்னார்.

முதலாவது மன ஆதரவு. சாவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, வேலைத்தளத்தில் திட்டு வாங்கியவளிடம் “விடு புள்ள, நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்வது.

இரண்டாவது கை உதவி. கைமாற்றுக் காசு, ஒரு கொத்து அரிசி, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, குழி வெட்டப் போவது. கொழுந்து மலையில் வயதான அக்கா ஒருவருக்கு அன்றைய கிலோ குறைந்து ‘அரைப்பேர்’ ஆகிவிடும் என்றால், பக்கத்து நிரையில் நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போடுவதும் இதில் சேரும்.

மூன்றாவது தகவல். சேமலாப நிதியை எடுக்க எந்தப் படிவம், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் எங்கே போவது, எந்தப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது என்று தெரிந்தவர் சொல்வது.

நான்காவது, நம் நிலைமையை நாமே எடைபோட உதவும் ஒரு நேர்மையான வார்த்தை. “நீ நல்லாத்தான் படிக்கிற, நிறுத்தாதே” என்று ஒரு ஆசிரியர் சொல்வதும், “இந்தக் கடனை எடுக்காதே” என்று ஒரு சித்தி சொல்வதும் அது.

இவை மனதுக்கு ஆறுதல் தருபவை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் அலமேடா பகுதியில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த லிசா பேர்க்மனும் லியோனார்ட் சைமும் 1979இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சமூகத் தொடர்புகள் குறைந்தவர்கள், நிறையத் தொடர்பு உள்ளவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் சாத்தியம் கூடுதலாக இருந்தது. புகைத்தல், உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது.

சொந்தமே விலங்காக இருந்த காலம்

தோட்டத்து உறவுகள் இங்கே புதிதாக முளைத்தவை அல்ல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களைக் கங்காணிகள் சொந்தம், ஊர், சாதி என்று கூட்டமாகவே திரட்டினார்கள். பெரியகங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவர்களுக்குக் கீழே அவர்களின் உறவுக்காரக் குடும்பங்கள். வழிச்செலவு முதல் அரிசி வரை எல்லாம் கடன் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ கூடவே போனது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

மாமன் மச்சான் என்ற உறவுதான் பசிக்குச் சோறு போட்டது. அதே உறவுதான் ஓட முடியாமல் கட்டியும் வைத்தது. உதவி செய்யும் வலையைக் கடனுக்குப் பிணையாக மாற்றும் இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். அது பின்னால் வேறு பெயரில் திரும்பி வந்தது.

இரண்டு முறை அறுக்கப்பட்ட உறவு

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. எண்ணிக்கையைப் பிரித்தபோது குடும்பங்களும் பிரிந்தன. அண்ணன் நீலகிரிக்கு, தங்கை தலவாக்கலையில். தலைமன்னார் நோக்கிப் போன ரயிலுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தது அதனால்தான். போர் தொடங்கி தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்ற பிறகு நல்லது கெட்டதுக்குப் போய்வரும் வழியும் அடைபட்டது.

இரண்டாவது அறுப்பு 1977, 1983 வன்செயல்களோடு வந்தது. அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் வன்னிக்கும் போய்க் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்கு இடம் தேடிக் கொடுத்தது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்களில் இன்றும் மலையக வேர் கொண்ட குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்கள் போரின் இறுதிவரை எல்லா இழப்பையும் வன்னி மக்களோடு சேர்ந்தே சுமந்தவர்கள். இடம்பெயர்வு முதலில் கலைப்பது கூரையை. அடுத்து கலைப்பது, அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டை. 2009க்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த திட்டங்கள் பல உண்டு. பழைய அயலவரை மறுபடி பக்கத்தில் குடியேற்றப் பார்த்தவை மிகக் குறைவு.

லயத்தின் பலமும் அதன் எல்லையும்

லயத்தில் எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. இரத்த உறவு இல்லாதவரும் மாமா, சித்தி, அம்மாயி ஆகிவிடுவார். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரவில் பிள்ளை இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். காலையில் கசாயம் வரும். மரண உதவிச் சங்கம், சம்பள நாளில் போடும் சீட்டு, கோயில் திருவிழாக் கமிட்டி எல்லாம் இந்த நெருக்கத்தின் மேல் கட்டப்பட்டவை. ஒருவர் இறந்தால் பந்தல், தேநீர், குழி, கருமாதி வரை அந்த வீட்டார் தனியாக அலைய வேண்டியதில்லை.

ஆனால் இந்த வலையில் உள்ள எல்லோரும் ஒரே சம்பளத்தை நம்பியிருப்பவர்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. எத்தனை உயர்ந்தாலும் வேலை நாள் குறையும் மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் கை வறளும். அந்த மாதத்தில் யார் யாருக்குக் கடன் கொடுப்பது?

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில், பொஸ்டன் அருகே தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் விசாரித்ததைச் சொல்கிறார். பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர் அடிக்கடி சந்திக்கும் நெருங்கிய நண்பர் அல்ல, எப்போதாவது சந்திக்கும் அறிமுகம். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்து அறிமுகத்துக்குத்தான் வேறு செய்தி தெரியும். லயத்தில் நெருங்கிய உறவு நிறைய. தூரத்து அறிமுகம் கொஞ்சம். அதனால் சாவுக்கு ஊரே வருகிறது, வேலைவாய்ப்புக்கு ஒருவரும் இல்லை. சிங்களம் பேசத் தெரிந்த அந்த ஆறாவது ஆள் கிடைக்காததும் இதனால்தான்.

நெருக்கத்துக்குள்ளேயும் ஓட்டைகள் உண்டு. சாதி பார்த்து ஒதுக்குவது முற்றாகப் போய்விடவில்லை. சுவருக்கு அப்பால் ஒரு பெண் அடிவாங்குவது எல்லோருக்கும் கேட்கும். “குடும்பச் சண்டை” என்று கதவைச் சாத்திக்கொள்பவர்கள் அதிகம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். தோட்டத் தலைவர், சங்கத் தலைவர், கமிட்டித் தலைவர் என்று போனால் ஆண்களே.

இடையில் நிற்பவர்கள்

தோட்டத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் நின்றிருக்கிறார். முதலில் கங்காணி, பிறகு கணக்கப்பிள்ளை, பிறகு தொழிற்சங்கத் தலைவர். தொழிற்சங்கம் வந்தது பெரிய மாற்றம். கோதண்டராம நடேசய்யரும் மீனாட்சியம்மையும் ஹட்டனை மையமாக வைத்து 1930களில் தொழிலாளரைத் திரட்டியபோது, துரையிடம் நேராகப் பேசும் துணிவு பிறந்தது. ஆயினும் காலப்போக்கில் ‘தலைவரிடம் சொன்னால்தான் நடக்கும்’ என்ற பழக்கமும் வேரூன்றியது.

ஒரு சின்ன உதாரணம் முகவரி. பல லயங்களுக்குத் தனித்தனி இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வருகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதையை நான் ஒரு தோட்டத்தில் மட்டும் கேட்கவில்லை. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்தாலும் முதல் கேள்வி “எங்கே வர வேண்டும்?” என்பதே.

தகவல் நடுவழியில் நின்றால் உயிரும் போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். போவதற்கு மாற்று இடம் தரப்படவில்லை.

பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. பாதை, குடிநீர் என்று இன்று பிரதேச சபையிடம் நேரே கேட்கலாம். இதைத் தெரியாதவர்களை இன்னும் சந்திக்கிறேன்.

குழுக்கடன்: பழைய துண்டின் புதிய முகம்

வன்னி வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் நுழைந்த நுண்கடன் கம்பனிகள் தோட்டங்களுக்கும் வந்தன. பல பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது விதி. காணி உறுதி கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான் ஈடு.

ஒரு தவணை தவறியதும் ஆறுதல் சொல்ல வேண்டிய அக்காவே வாசலில் வந்து நின்று கேட்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளும் மாட்டிக்கொண்டவள். கடன் ஒருநாள் அடையலாம். முறிந்த பேச்சு அடைவதில்லை. ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்தபோது பெண்களின் நுண்கடன் சுமையைக் கவனப்படுத்தினார். அதே ஆண்டு வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. கடன் கணக்கைப் பற்றி அத்திட்டம் பேசியது. உடைந்த அயலைப் பற்றி எவரும் பேசவில்லை.

கையில் இருப்பதை வைத்து

இன்று லயங்களில் இருக்கும் இளைஞர் பலர் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் அல்லர். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிறார்கள். அம்மாயிகளிடம் பிள்ளைகள் வளர்கிறார்கள். வட்ஸ்அப் அழைப்பில் தாய் முகம் தெரிகிறது. காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை அதில் வராது. ஆனால் அதே கைபேசி, லயத்துக்கு முன்பு இல்லாத தூரத்து அறிமுகங்களையும் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

தோட்டங்களில் பார்த்தவற்றிலிருந்து சில யோசனைகள்:

ஒவ்வொரு பிரிவிலும் சிங்களம் தெரிந்தவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர், வாகனம் வைத்திருப்பவர் ஆகியோரின் இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக் கோயிலிலோ பிள்ளைக்காம்பராவிலோ ஒட்டலாம். அத்துடன் 1990 (அம்புலன்ஸ்), 1938 (பெண்களுக்கான உதவி), 1929 (சிறுவர் பாதுகாப்பு), 1926 (மனநல ஆலோசனை) என்பவற்றையும்.

மரண உதவிச் சங்கம் ஏற்கனவே நம்பிக்கையோடு நடக்கும் அமைப்பு. அதன் கணக்கில் நோய்க்கும் பிரசவத்துக்கும் ஒரு சிறு பகுதியை ஒதுக்கலாம். நிர்வாகத்தில் பாதியைப் பெண்களுக்குக் கொடுக்கலாம்.

சீட்டுக்கு எழுத்தில் கணக்கு வைக்க வேண்டும். நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் கணக்கு மிகவும் தேவை.

குழுக்கடனில் கையெழுத்துப் போடுமுன், மற்றவர் கட்டாவிட்டால் தன்னால் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து போனார்கள். முன்னோர் கால்நடையாக வந்து வழிநெடுக மடிந்த அதே திசை. மன்னாரிலும் வவுனியாவிலும் அவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றவர்களில் பலர் போரைக் கண்டவர்கள். வடக்குக்கும் மலையகத்துக்கும் நடுவே இப்படி ஒரு அறிமுகம் இருக்கிறது. அது நடைபவனி நாளோடு முடிய வேண்டியதில்லை. கிளிநொச்சியில் கடன் கம்பனியை எதிர்கொண்ட ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது, நோர்வூட்டில் நாளை கையெழுத்துப் போடப்போகும் ஒருத்திக்குத் தெரிய வேண்டும். இருவரின் கைபேசியிலும் மற்றவரின் இலக்கம் இருந்தால் அது நடக்கும்.