அல்-அமிரிய்யா புகலிடமும் பனூ ஜதீமாவின் இழப்பீடும்

ஹிஜ்ரி 1411, ரஜப் மாதத்தின் இறுதி நாட்கள். ஆங்கிலக் கணக்கில் 1991 பிப்ரவரி 13. பக்தாத் நகரின் அல்-அமிரிய்யா குடியிருப்பில், வான்தாக்குதலுக்கு அஞ்சிய குடும்பங்கள் பொதுப் புகலிடமொன்றில் உறங்கிக்கொண்டிருந்தன. ஃபஜ்ரு பாங்கிற்கு இன்னும் நேரமிருந்தது. அப்போது அமெரிக்காவின் எஃப்-117 ரக விமானங்களிலிருந்து 2000 பவுண்டு எடைகொண்ட இரண்டு குண்டுகள் ஏவப்பட்டன. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அத்துளையின் வழியாகவே உள்ளே இறங்கி வெடித்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்குண்டுகள் குறி தவறவில்லை. லேசர் கதிரின் வழிகாட்டுதலால், எந்தக் கட்டடத்தை நோக்கி ஏவப்பட்டனவோ அதன்மீதே விழுந்தன. ஆகவே பிழை விமானியின் கையிலன்று. வரைபடத்தில் அக்கட்டடத்தைக் குறித்துக் கொடுத்த அலுவலக மேசையில் இருந்தது.

அது இராணுவக் கட்டளை மையம் என்பதே அமெரிக்காவின் விளக்கம். கூரையில் உருமறைப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது, சுற்றிலும் முள்கம்பி வேலி இருந்தது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அன்றே உள்ளே சென்று பார்த்த பி.பி.சி. செய்தியாளர் ஜெரமி போவன், இராணுவத்தின் அடையாளம் எதையும் தாம் காணவில்லை என்று அறிவித்தார். ஈரான்–இராக் போர்க்காலத்தில் அக்கட்டடம் மக்களின் புகலிடமாக இருந்ததைப் பென்டகன் அறிந்தே இருந்தது என்பதை, மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 1991ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அதனை இனி இராணுவ இலக்காகவே கருதுவோம் என்று எவருக்கும் முன்னெச்சரிக்கை விடப்படவில்லை. ஐயம் எழுமாயின் பொதுமக்களுக்குரிய இடமென்றே கொள்ள வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை. அதில் கையொப்பமிட்ட அமெரிக்கா, இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளித்ததில்லை.

இதனால் சதாம் ஹுசைனின் அரசு குற்றமற்றதாகிவிடாது. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் படை நடத்தி இப்போரை வருவித்தது அதுவே. அந்த அரசைக் கேள்வி கேட்கவும் அத்தாய்மார்களுக்கு வழியிருக்கவில்லை.

தாக்குதலுக்குப் பின் பக்தாத் நகரினுள் இலக்குகளைத் தேர்வதற்கு மேலிடத்தின் முன்னனுமதி வேண்டுமென்று தளபதி ஷ்வார்ஸ்காஃப் கட்டுப்பாடு விதித்தார். நகர்மீதான குண்டுவீச்சு வெகுவாகக் குறைந்தது. பிழை உணரப்பட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆயினும் அவ்வுணர்வு கோப்புகளுக்குள்ளேயே நின்றுவிட்டது.

போரில் பிழை நேர்வது புதிதன்று. நம் வரலாற்றிலும் நேர்ந்துள்ளது. அதை நம் முன்னோர் மறைக்கவுமில்லை. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் பின், பனூ ஜதீமா குலத்தாரிடம் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அக்குலத்தார் தாம் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் கூற அறியாமல் வேறொரு சொல்லால் கூறினர். அது ஏற்கப்படவில்லை, பலர் கொல்லப்பட்டனர். அவரவர் கைதியைக் கொல்லுமாறு கட்டளை பிறந்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, காலிதின் இச்செயலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அதனை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது.

அத்துடன் முடியவில்லை. பொருளுடன் அலீ (ரலி) அவர்கள் அக்குலத்தாரிடம் அனுப்பப்பட்டதாக இப்னு இஸ்ஹாக் வழிவந்த சீறா நூல்கள் உரைக்கின்றன. ஒவ்வோர் உயிருக்கும் இரத்த ஈட்டுத் தொகை வழங்கப்பட்டது; சேதமுற்ற உடைமைகளுக்கும் வழங்கப்பட்டது. நாய் நீர் குடிக்கும் பாத்திரத்தைக்கூட அவர்கள் கணக்கிலிருந்து விடவில்லை. பின்னும் பணம் மிஞ்சியது. நாமோ நீங்களோ அறியாத இழப்புகள் இருக்கக்கூடும் என்று கூறி, அதனையும் அம்மக்களிடமே அளித்துவிட்டுத் திரும்பினார்கள். நபியவர்கள் அச்செயலைப் பாராட்டினார்கள். காலித் (ரலி) அவர்களோ பின்னரும் படைத் தலைவராகவே தொடர்ந்தார்கள். வெற்றி தேடித் தரும் தளபதி என்பதற்காக அவரது பிழைக்கு வேறு பெயர் சூட்டப்படவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

அல்-அமிரிய்யாவுக்கு ஓர் அலீ வரவில்லை. புகலிடம் நினைவிடமாக்கப்பட்டது. கூரையின் துளை அடைக்கப்படாமல், அதன் வழியே விழும் வெளிச்சம் கருகிய சுவர்களைக் காட்டிற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயொருவர் அவ்விடத்திலேயே தங்கி, வருவோருக்கெல்லாம் நடந்ததை எடுத்துரைத்து வந்தார்.

2003இல் இராக்கியக் குடும்பங்கள் ஏழு பெல்ஜியத்தின் நீதிமன்றத்தை நாடின. எந்த நாட்டில் நிகழ்ந்த போர்க்குற்றத்தையும் விசாரிக்க அந்நாட்டுச் சட்டம் அப்போது இடமளித்தது. மூத்த புஷ், டிக் செனி, காலின் பவல், ஷ்வார்ஸ்காஃப் ஆகியோர் எதிர்வாதிகள். ஜூன் மாதம் பிரஸ்ஸல்ஸுக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், இச்சட்டம் நீடிக்குமாயின் அங்கு எழவிருந்த புதிய நேட்டோ தலைமையகத்திற்கு நிதி வழங்குவதை எதிர்ப்போம் என்று எச்சரித்தார். ஆகஸ்டில் பெல்ஜியம் சட்டத்தைத் திருத்தியது. செப்டம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கட்டடம் கட்டளை மையமா, புகலிடமா என்ற கேள்வி அங்கே விசாரிக்கப்படவேயில்லை.