பெயரறியாக் கருவியின் வரலாறு

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று நம்மவர் பட்டறைக் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர், கற்பூரமும் காட்டுகின்றனர். ஆனால் அக்கருவியின் பெயர் யாது, அதனை ஆக்கியோர் யாவர் என்று கேட்பாரைக் காண்பதரிது.

பழைய இரும்புக் கடையொன்றில் உள்ளங்கையளவான வட்டக் கருவி ஒன்று கிடந்தது. நடுவே துளை, விளிம்பில் தடித்த பற்கள். கடைக்காரர் அதனை ரம்பத் தகடு என்றார். அருகிலிருந்த அன்பரொருவர் மாவரைக்கும் இயந்திரத்தின் உறுப்பு என்றார். நிறுத்து விற்கும் இரும்புக்குப் பெயர் எதற்கு என்று நகைத்தார் மற்றொருவர். அதனை வாங்கி வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். துருவின் கீழிருந்து எழுத்துகள் வெளிப்பட்டன: நெ. 5, 21 முதல் 25 பல், 10 பி, 14½ பாகை, ஆழம் 0.216.

ரம்பத்தின் பல் மெல்லியது. இதன் பல்லோ நுனியில் ஒடுங்கி, அடியில் அகன்று, இருபுறமும் உட்குழிந்தது. பல்சக்கரத்தின் இரு பற்களுக்கிடையேயுள்ள பள்ளத்தின் வடிவம் அதுவே. ஆகவே இது பல்சக்கரம் வெட்டும் கருவி என்பது தெளிவு.

நிற்க. இத்தகைய கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் வெட்டுங்கருவி மழுங்கினால் அதனைத் தீட்டுவதே பெருந்தொல்லை; தீட்டத் தீட்ட வடிவம் கெடும். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில், தந்தையுடன் கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலில் வளர்ந்த ஜோசப் பிரௌன் என்பார் 1864-இல் இதற்கு வழி கண்டு உரிமை பெற்றார். பல்லின் முதுகை, அதே வடிவம் பின்னும் தொடருமாறு சரித்து அமைத்தார். முகத்தை மட்டும் தீட்டினால் போதும், வடிவம் மாறாது. பின்னர் 1900-இல் பாரிஸ் கண்காட்சியில், டெய்லர், வைட் என்னும் இருவர் பதப்படுத்திய எஃகு, நுனி செந்நிறமாகக் கனன்றபோதும் இரும்பை வெட்டிக் காட்டிற்று. அதிவேக எஃகு என்று பெயர் பெற்றது அதுவே.

இனி எழுத்துகளின் பொருளைக் காண்போம். 10 பி என்பது, இரு சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுருளும் கற்பனை வட்டத்தின் குறுக்களவில் அங்குலமொன்றுக்குப் பத்துப் பல் என்பதாம். 24 பல்லுள்ள சக்கரத்தில் அக்குறுக்களவு 2.4 அங்குலம். 14½ பாகை என்பது பல் அழுத்தும் கோணம். 20 பாகையில் வெட்டிய சக்கரத்தோடு இது செவ்வனே பொருந்தாது. ஆழம் அங்குலக் கணக்கு.

பல்லின் எண்ணிக்கை மாறுந்தோறும் பல்லின் வளைவும் மாறும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கருவி செய்தல் இயலாதன்றோ? ஆதலின் எட்டுக் கருவிகளாகப் பிரித்தனர். சிறு சக்கரத்தில் வளைவு விரைந்து மாறுவதால் எட்டாம் எண் 12, 13 ஆகிய இரண்டுக்கு மட்டுமே உதவும். இரண்டாம் எண்ணோ 55 முதல் 134 வரை வெட்டும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மில்லிமீட்டர் முறைக் கருவிகளில் வரிசை தலைகீழானது. அங்கே ஐந்தாம் எண் 26 முதல் 34 பல் வரை வெட்டுவது. மேலும் அம்முறையின் 2.5 அளவுக் கருவியும் நமது 10 பி கருவியும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். பின்னதன் சரியளவு 2.54 ஆகும். எண்ணை மட்டும் நம்பிச் சக்கரம் வெட்டினால் பற்கள் இரைந்து, தேய்ந்து, உடையும். அவ்வியந்திரத்தருகே கை வைத்து நிற்பவன் தொழிலாளியே.

இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவர் ஒரு பட்டறைத் தொழிலாளர். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நான் எழுத்துகளை வாசித்தேன். அவரே அவற்றின் பொருளை அறிந்திருந்தார். எழுதுகோல் பிடிக்கும் கை உயர்ந்தது, எண்ணெய் படிந்த கை தாழ்ந்தது என்று இன்னும் எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக. அடுத்த ஆயுத பூஜையன்று குங்குமம் இடுமுன், கருவியின் துருவைத் துடைத்து அதன் எழுத்தை நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோமாக.