சேது நாணயங்களும் பகுப்பு முறையும்

பழங்காசுகளைத் திரட்டுதல் எளிது, வகைப்படுத்துதலே அரிது. உலோகம், நிறை, உருவம், எழுத்து, கிடைத்த இடம் என்னும் ஐந்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இதற்குச் சேது நாணயங்கள் தக்க சான்றாம்.

ஒருபுறம் நின்ற மனித வடிவமும், மறுபுறம் இடபமும் அதன்கீழ்ச் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் பொறித்த இச்செப்புக் காசுகளை, சொல் ஒன்றையே நோக்கி இராமநாதபுரச் சேதுபதிகட்கு உரியனவென்று கொண்டாரும் உளர். ஆயின், நின்ற வடிவம் முதலாம் இராசராசன் காசையும் பொலன்னறுவை மன்னர் காசுகளையும் பின்பற்றியது. ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றி கூறும் கோட்டகமச் சாசனமும் 'சேது' என்றே தொடங்குகின்றது. ஆதலின் 1924இல் கொட்றிங்டனும், 1926இல் முதலியார் இராசநாயகமும் இவற்றை யாழ்ப்பாண மன்னர்க்கு உரியனவாகக் கொண்டனர்.

பண்டாரவளை மாணவன் ஒருவனது சிறு பேழையிலாயினும், காசின் அருகே அது கிடைத்த ஊர் எழுதப்படாதாயின், ஓர் அரசின் சான்று வெறுஞ் செம்பாய்விடும்.