அட்டவணை நகலாக்கம்

ஓர் உறவுநிலைத் தரவுத்தளத்தின் அட்டவணையை, அதன் கட்டமைப்பும் தரவுகளுமாக, வேறொரு தரவுத்தளத்தில் மீண்டும் உருவாக்குவது அட்டவணை நகலாக்கம் எனப்படும். 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட உறவுநிலை மாதிரியே இத்தகைய தரவுத்தளங்களுக்கு அடிப்படை.

ஒரே தரவுத்தள மென்பொருளுக்குள் வேலை எளிது. ஆனால் நகல் முழுமையானது என்று சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 'பிஜி_டம்ப்' வேண்டிய அட்டவணையை மட்டும் கட்டளைக் கோப்பாக எடுத்துத் தரும். எஸ்கியூஎல் சர்வரின் 'செலக்ட் இன்டு' வரிசைகளைக் கொண்டுசெல்லும். இன்டெக்ஸ்களையும் டிரிகர்களையும் விட்டுவிடும். மைஎஸ்கியூஎல்லின் 'கிரியேட் டேபிள் லைக்' இன்டெக்ஸ்களை எடுத்துக்கொண்டாலும் அயல் திறவுகோல்களைத் தொடாது. தரவையும் தனியாகத்தான் நிரப்ப வேண்டும்.

வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையேதான் உண்மையான தலைவலி. ஆரக்கிளின் 'டேட்' வகையில் மணி, நிமிடம், நொடியும் அடங்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 'டேட்' நாளை மட்டுமே காக்கும். பெயர் ஒன்றுதானே என்று நம்பி மாற்றினால் நேரம் சத்தமின்றிப் போய்விடும். வெற்றுச் சரத்தை ஆரக்கிள் 'நல்' (மதிப்பின்மை) என்றே கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது.

எழுத்துக் குறியாக்கம் இன்னொரு கண்ணி. மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' ஒரு குறிக்கு 3 பைட்டுகளே ஒதுக்கியது: தமிழ் எழுத்துகள் அடங்கின, எமோஜிகள் அடங்கவில்லை. 4 பைட் கொண்ட 'யூடிஎஃப்8எம்பி4' 5.5ஆம் பதிப்பில் சேர்ந்தது.

எண்வரிசையும் கவனிக்க வேண்டியது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் வரிசைகளை மட்டும் ஏற்றினால், புதிய பதிவுகளுக்கு எண் தரும் தானியங்கி எண்ணி நகராது. 'செட்வால்' கொண்டு அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய பதிவுகள் முதன்மைத் திறவுகோலில் மோதி நிற்கும்.