பதினைந்து பைசாவுக்கு மூன்று

1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது காமராஜர் முதலமைச்சர். பத்து வருஷத்துக்குள் அகில இந்தியக் கட்சித் தலைவராகிவிட்டார். அந்த வேளையில்தான் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்துக்காரர்கள் மத்திய அரசுக்கு ஒரு திட்டம் தீட்டிக் கொடுத்தார்கள்: ஆணுறையை மலிவாக்கி, பெட்டிக்கடை வரை கொண்டுபோய் விற்பது. மன்மதனை மனத்தில் வைத்து அவர்கள் யோசித்த பெயர் ‘காமராஜ்’ என்று சொல்வார்கள். ஆளுங்கட்சித் தலைவரின் பெயரைச் சொல்லிக் கடையில் யார் கேட்பது? கடைசியில் ‘நிரோத்’ என்ற பெயர் நின்றது.

அதற்கு முன்பு, ஐம்பதுகளின் தொடக்கத்தில், டெல்லி பெரிதும் நம்பியிருந்தது நாள் கணக்கைத்தான். காரணம் காந்தி தங்கியிருந்த வார்தாவில் இருந்தது. 1935 டிசம்பரில், கருத்தடைக்காகப் பிரசாரம் செய்துவந்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கர் அங்கே போய் எவ்வளவோ வாதாடியும் காந்தி கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை; கரு தங்காத நாட்களில் மட்டும் சேர்வதை அரைமனதாக ஒப்புக்கொண்டார். நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அவருடைய சிஷ்யை, அதே கொள்கைக்காரர். அவர் உலக சுகாதார நிறுவனத்திடம் உதவி கேட்க, 1951-இல் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் சோதனை நடந்தது. பெண்களுக்கு மணிமாலை கொடுத்து, நாளுக்கு ஒரு மணி தள்ளச் சொன்னார்கள். நிறத்தைப் பார்த்தால் ஆபத்தான நாளா இல்லையா என்று தெரியும். சிலர் தள்ள மறந்தார்கள். மாலையே காப்பாற்றும் என்று நினைத்தவர்களும் உண்டாம். திட்டம் எடுபடவில்லை.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சினைமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. அந்த அடுத்த தேதி வந்த பிறகுதானே பின்னோக்கி எண்ண முடியும்! முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். மாதவிலக்கு 26 முதல் 32 நாளுக்குள் தவறாமல் வருகிறவர்களுக்கு 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை ஆபத்துக் காலம். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கும், அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு எளிதில் பிசகும்.

நிரோத் 1968-இல் கடைக்கு வந்தது. மூன்று உறை 15 பைசா. அரசு இதைத் தன் ஆபீசுகளை நம்பி விடாததுதான் கெட்டிக்காரத்தனம். புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர் என்று தேயிலையும் சோப்பும் கொண்டுபோகிற கம்பெனிகளின் வண்டியிலேயே இதையும் ஏற்றிவிட்டார்கள். முதலில் வெளிநாட்டுச் சரக்கு. 1969-இல் ஜப்பானின் ஒகமோட்டோ தொழில்நுட்பத்தோடு திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேட்டக்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது. நம் பல்லாவரத்திலும் டி.டி.கே. குழுமம் லண்டன் ரப்பர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஆணுறை தயாரித்தது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரோத் இலவசம். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழியும். ஒன்றை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ‘ஆபத்து நாளில் மட்டும் போட்டால் போதும்’ என்கிற தம்பதிகள், தெரியாமலே ஸ்டோனின் மாலையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டால் வருஷத்துக்கு நூறு பெண்களில் இருவருக்குக் கரு தங்கும். நடைமுறையில் அது பதிமூன்று. இடையிலுள்ள பதினொன்றில் பெரும்பங்கு, போடாமல் விட்ட நாட்களுடையது.