எந்த பிராண்டு பவர் டூலை இருப்பில் வைப்பது? சிறு கடைகள் முடிவு செய்யும் விதம்

கொல்கத்தாவின் கிழக்கே அமைந்த நியூ டவுனில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலக வளாகங்களும் தொடர்ந்து எழுந்து வருகின்றன. இந்தத் திட்டமிட்ட நகரை உருவாக்கி வரும் ஹிட்கோ என்ற மாநில அரசு நிறுவனம் 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கட்டுமானமும் உள்அலங்காரப் பணியும் ஓயாத இத்தகைய பகுதிகளில் தச்சர், எலக்ட்ரீசியன், டைல்ஸ் பதிப்பவர் ஆகியோர் அவசரத்துக்கு நாடுவது அருகிலுள்ள சிறு ஹார்டுவேர் கடைகளையே. குறைந்த முதலும் குறுகிய இடமும் கொண்ட இக்கடைகளால் எல்லா நிறுவனங்களின் பவர் டூல்களையும் வாங்கி வைக்க இயலாது. எனவே தேர்வு அவசியமாகிறது.

வேலையும் பெயரும்

முதலில் கவனிக்கப்படுவது சுற்றுப்பகுதியில் நடைபெறும் வேலை. கான்கிரீட் சுவர் கொண்ட உயர்மாடிகளில் சாதாரண ட்ரில்லிங் மெஷின் திணறும். அங்கு ரோட்டரி ஹாமர் தேவை. தரைக்கல் பதிக்க மார்பிள் கட்டரும், வெல்டிங் பட்டறைக்கு 4 அங்குல கிரைண்டரும் வேண்டும்.

அடுத்தது பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு 1922-லேயே கல்கத்தாவில் விற்பனை முகமை இருந்தது. பாஷ், ஜப்பானின் மகிட்டா, அமெரிக்காவின் டிவால்ட் போன்றவற்றைத் தொழிலாளர்கள் பெயர் சொல்லியே கேட்பதுண்டு. வீட்டுக்கு வாங்குவோர் பெரும்பாலும் விலையைப் பார்ப்பதால், மலிவான சீனத் தயாரிப்புகளுக்கும் இடம் கிடைக்கிறது. 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகப் பவர் டூல் ஏற்றுமதியில் சீனாவின் பங்கு சுமார் 40 சதவீதம்; இந்தியாவின் பங்கு 0.7 சதவீதம்.

லாபமும் சுழற்சியும்

அதிக லாப விகிதம் தரும் பிராண்டே சிறந்தது என்று கூற இயலாது. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் முதலீட்டில் 8 சதவீத லாபம் தரும் சரக்கு மாதந்தோறும் விற்றுத் தீர்ந்தால், ஆண்டுக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். 20 சதவீத லாபம் தரும் சரக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையே விற்றால், கிடைப்பது 20,000 ரூபாய் மட்டுமே. விநியோகஸ்தர் அளிக்கும் கடன் தவணை, விற்காத சரக்கைத் திரும்பப் பெறும் வசதி ஆகியவையும் இக்கணக்கில் சேரும்.

பழுது நீக்கும் வசதி

இவை அனைத்தையும் விட முக்கியமானது, பழுதான கருவி கடைக்குத் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பதே. கருவி நின்றால் தொழிலாளியின் அன்றைய கூலியும் நின்றுவிடும். கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், சுவிட்ச் போன்ற உதிரிபாகங்கள் உடனே கிடைக்காத பிராண்டை விற்ற கடைக்காரர், அந்த வாடிக்கையாளரையே இழக்க நேரிடும். டிஸ்க், ட்ரில் பிட் ஆகியவற்றை அவர் மீண்டும் மீண்டும் வாங்க வருபவர் என்பதால் இழப்பு ஒரு விற்பனையோடு முடிவதில்லை.

பேட்டரியில் இயங்கும் கருவிகளில் இந்த அபாயம் கூடுதல். பொதுவாக ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. ஆகவே ஒரு பிராண்டை ஏற்பது, அதன் பேட்டரி, சார்ஜர் அனைத்தையும் ஏற்பதாகும்.

சட்டப் பொறுப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86-ஆவது பிரிவு விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் யார் என்பது தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், இழப்பீட்டுக் கோரிக்கை விற்றவரை நோக்கித் திரும்பலாம். தயாரிப்பாளரின் எச்சரிக்கைக் குறிப்புகளை வாங்குபவரிடம் சேர்க்காததும் பொறுப்புக்கு உள்ளாக்கும். முறையான ஜிஎஸ்டி ரசீதுடன் சரக்கு எடுப்பது உள்ளீட்டு வரி வரவுக்கு மட்டுமன்றி, பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சான்றாகிறது.

வாங்குபவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். விலையைக் கேட்பதோடு, உத்தரவாத அட்டை, உதிரிபாகம், அருகிலுள்ள சர்வீஸ் மையம் ஆகிய மூன்றையும் கேட்டறிவது நல்லது. இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை தரக்கூடிய பிராண்டுகளே சிறு கடையிலும் நீடித்து நிற்கின்றன.